ஸ்கேனரில் ஏறியது கணினியில் இறங்க வேண்டும்

மே மாதம் கல்லூரி நூலகங்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன் மாதம். தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனதும் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை இறக்கித் துடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் பார்கோடைப் படித்து, பழையபடி அடுக்குவோம். முன்பு இதை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி எண் போட்டுப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு செய்தோம். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் ரெஜிஸ்டரில் தேடிப் பிடித்துச் சிவப்புப் பேனாவால் டிக் அடிப்பார். இப்போது கையடக்க ஸ்கேனர் வந்து வேலையை வேகமாக்கிவிட்டது. கூடவே, மே நடுவில் எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இப்படி ஆரம்பிக்கின்றன:

"சார், எல்லா புக்கும் ஸ்கேன் பண்ணியாச்சு. பீப் சத்தம்கூட நல்லா கேட்டுச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல எங்க போய்ப் பாக்குறது?"

ஃபோனில் இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்பவர் கையில் என்ன வகை ஸ்கேனர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கும் தெரியாது. அதனால்தான் விரிவாக எழுதிவைக்கிறேன். நூலகத்துக்காக எழுதினாலும், மார்ச் 31 அன்று சரக்கு எண்ணும் கடைக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கேனருக்குள் இருப்பவை வெறும் எண்கள்தான். அந்த ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு ஆள் ஸ்டூலில் ஏறி இறங்கியிருக்கிறார். கோடை வெயிலில், தூசியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த எண்கள் அழிந்தால் மீட்க வழி ஒன்றே ஒன்றுதான், அவரை மறுபடி ஸ்டூலில் ஏறச் சொல்வது. ஆகவே எண்களைக் கணினிக்கு இறக்கும் அந்தக் கொஞ்ச நேரம் முழுக் கவனத்தோடு நடக்க வேண்டும். 'சாயங்காலம் ஆயிடுச்சு, அப்லோட் போட்டுட்டு பூட்டிட்டுப் போயிடலாம்' என்று செய்கிற வேலை கிடையாது.

பார்கோடு கடைக்கு வந்தபோது இந்தச் சிக்கலே இல்லை. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ட்ராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ரிக்ளி கம்பெனியின் ஜூசி ஃப்ரூட் சூயிங் கம் பாக்கெட் ஒன்றுதான் இன்று நாம் பார்க்கும் வகைப் பார்கோடோடு முதலில் பில் போடப்பட்டது. அங்கே ஸ்கேனர் கவுன்ட்டரிலேயே பதிக்கப்பட்டிருந்தது. பொருள்தான் ஸ்கேனரைத் தேடி வந்தது. இருப்புச் சரிபார்ப்பில் நிலைமை தலைகீழ். ஸ்கேனர் பொருளைத் தேடிப் போக வேண்டும். கணினி ஒரு மூலையில் இருக்கும், புத்தகம் மூன்றாவது மாடியில் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் எண்களைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் நினைவகம் ஸ்கேனருக்குத் தேவைப்பட்டது அப்படித்தான்.

எல்லா ஸ்கேனருக்கும் அந்த நினைவகம் கிடையாது என்பதுதான் முதல் அதிர்ச்சி. இஷ்யூ கவுன்ட்டரில் கம்பியோடு இருக்கும் சாதாரண ஸ்கேனர் எதையும் சேமிப்பதில்லை. கணினியின் கண்ணுக்கு அது இன்னொரு கீபோர்டு. கோடுகளைப் படித்து, அந்த எண்ணை ஒரு ஆள் டைப் அடிப்பதுபோலவே கர்சர் நிற்கும் இடத்தில் அடித்து, கடைசியில் ஒரு என்ட்டர் தட்டும். கர்சர் எங்கும் நிற்கவில்லை என்றால் எண் காற்றோடு போயிற்று. பீப் சத்தம் வந்தால் கோடு சரியாகப் படிக்கப்பட்டது என்று மட்டும்தான் பொருள். எண் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று பொருள் கிடையாது. அப்படிப்பட்ட ஸ்கேனரை மடிக்கணினியில் செருகாமலே ஒரு அலமாரி முழுக்கப் படித்துவிட்டு யாராவது கேட்டால், மனம் கனக்கத்தான் "மறுபடி பண்ணணும்மா" என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கேனரைச் செருகுவது. கீபோர்டுகள் பட்டியலில் ஒன்று கூடினால் அது டைப் அடிக்கும் வகை. போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம் 3, காம் 5 என்று புதிதாக ஒன்று முளைத்தால் சீரியல் வகை. பென் டிரைவ் செருகியதுபோல ஒரு புதிய டிரைவ் தெரிந்தால் கோப்பு வகை; உங்களுக்கு வேலை சுலபம். எதுவுமே நடக்கவில்லை, ஆனால் ஸ்கேனரில் சார்ஜ் விளக்கு எரிகிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் மட்டும் கடத்தி, டேட்டா கம்பியே இல்லாத யுஎஸ்பி கேபிள்கள் எல்லா அலுவலக டிராயரிலும் கிடக்கின்றன.

நம் ஊர் நூலகங்களும் சின்னக் கடைகளும் இப்போது அதிகம் வாங்குவது வயர்லெஸ் ஸ்கேனர், கூடவே கணினியில் செருக ஒரு சின்ன டாங்கிள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று, படித்ததை உடனே அனுப்பும் நிலை. இன்னொன்று, உள்ளே சேர்த்துவைக்கும் நிலை. பெட்டியில் வரும் தாளில் ஸ்டோரேஜ் மோட் என்றோ இன்வென்டரி மோட் என்றோ போட்டிருப்பார்கள். நிலையை மாற்ற ஸ்கேனரில் பெரும்பாலும் பொத்தான் இருக்காது. அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் பார்கோடுகளே கட்டளைகள். சேமிப்பு நிலைக்குப் போ, சேமித்ததை அனுப்பு, எத்தனை இருக்கிறது சொல், எல்லாவற்றையும் அழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்கோடு. சில மாடல்களில் அனுப்பு என்ற கட்டளையும் அழி என்ற கட்டளையும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து இருக்கும். அனுப்பும் பார்கோடைக் குறிவைக்கும்போது வெளிச்சம் பக்கத்தில் இருப்பதன் மேல் விழுந்தால் ஒரே பீப்பில் எல்லாம் போய்விடும். எனவே தாள் கைக்கு வந்த அன்றே அதை ஜெராக்ஸ் எடுங்கள். நகலில் அழிக்கும் பார்கோடையும் ஃபேக்டரி ரீசெட் பார்கோடையும் வெட்டித் தனியாக ஒரு கவரில் போட்டு, நூலகரின் மேசை டிராயரில் வையுங்கள். மூலத் தாளையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். வேலை செய்கிறவர் கையில் இருப்பது அழிக்கத் தெரியாத தாளாக இருக்கட்டும்.

இந்த வகை ஸ்கேனர் சேமித்ததை எப்படி அனுப்புகிறது? அதே பழைய முறைதான், டைப் அடித்து. எங்கேயோ ஒரு ஃபோல்டரில் கோப்பாக வந்து உட்காரும் என்று பலர் தேடுகிறார்கள். அப்படி ஒரு கோப்பு கிடையாது. நோட்பேடைத் திறந்து, உள்ளே ஒருமுறை கிளிக் செய்து, கர்சர் துடிப்பதைப் பார்த்துவிட்டு, அனுப்பு என்ற பார்கோடைப் படியுங்கள். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிவரும். அவ்வளவுதான். அந்த ஓட்டம் முடியும்வரை மவுஸைத் தொடாதீர்கள். நடுவில் ஆன்ட்டி வைரஸ் ஒரு அறிவிப்புப் பெட்டியைத் திறந்து முன்னால் வந்து நின்றால், அடுத்து வரும் எண்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் அடிக்கப்படும். ஸ்கேனருக்கு அது தெரியாது. அது தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே இறக்குவதற்கு முன் இணையத்தைத் துண்டித்து, வாட்ஸ்அப்பையும் பிரவுசரையும் மூடிவிடுவது என் வழக்கம்.

தமிழ் நூலகங்களில் வருகிற ஒரு தொல்லை இங்கே உண்டு. காலையில் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தலைப்பு ஏற்றிக்கொண்டிருந்திருப்போம். தமிழ் விசைப்பலகை அப்படியே இருக்கும். ஸ்கேனர் அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவலை. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்று முடிவு செய்வது கணினி. எண்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் உங்கள் பார்கோடில் துறைக்கான ஆங்கில எழுத்துகள் முன்னால் இருந்தால் அவை தமிழ் எழுத்தாக மாறி நிற்கும். பார்த்ததும் ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் தகவல் நன்றாகத்தான் இருக்கிறது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா பார்த்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். மறுபடி அனுப்ப முடிவதே இன்னும் அழிக்காமல் இருப்பதால்தான் என்பதையும் கவனியுங்கள். சில மாடல்களில் அனுப்பியதும் தானாக அழித்துக்கொள்ளும் ஒரு கட்டளையும் உண்டு. அதை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

நோட்பேடு எதற்கு, நேராக எக்செல்லிலேயே இறக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். எக்செல் கணக்குப் போடப் பிறந்த மென்பொருள். எண்போலத் தெரியும் எதையும் அது எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 004512 என்ற அக்சஷன் நம்பர் 4512 ஆகிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நூலக மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு பார்கோடுகள். முன்பூஜ்யம் போன பட்டியலைக் கொண்டுபோய் ஒப்பிட்டால், அலமாரியில் கண்முன் நிற்கும் புத்தகங்களெல்லாம் காணவில்லை என்று வரும். கடைப் பொருட்களின் 13 இலக்கப் பார்கோடு, அதாவது இந்தியப் பதிவுகளில் 890 என்று தொடங்குவது, எக்செல்லில் 8.9 என்று ஆரம்பித்துப் பத்தின் அடுக்காகச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் ஏறும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். சரக்குப் பெட்டிகளின் 18 இலக்க எண்கள் இன்னும் பாவம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, கடைசி மூன்றையும் பூஜ்யமாக்கிவிடும்.

எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளுக்கு வேறு ஆபத்து. மாதப் பெயரின் சுருக்கம்போல ஒரு குறியீடு தொடங்கினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் பன்னாட்டுக் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை மாற்றி, 2020இல் புதிய வழிகாட்டுதலையும் வெளியிட்டது. போதாததற்கு, எக்செல்லில் ஆட்டோகம்ப்ளீட் என்று ஒன்று இருக்கிறது. மேலே ஏற்கெனவே இருக்கும் ஒரு நீண்ட குறியீட்டின் தொடக்கம்போலவே இப்போது வரும் குறுகிய குறியீடும் இருந்தால், ஸ்கேனர் என்ட்டர் தட்டும் நொடியில் எக்செல் மிச்சத்தைத் தானே நிரப்பிவிடும். படிக்காத புத்தகம் படித்ததாகவும், படித்த புத்தகம் காணாமலும் போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத பிழை இது.

ஆகவே முதலில் நோட்பேடு, பிறகு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பு. எக்செல்லில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வழியாகப் போய், எண்கள் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு ஏற்றுங்கள்.

இறக்கியதும் எண்ணுங்கள். எத்தனை இருக்கிறது என்று சொல்லும் கட்டளைப் பார்கோடு உங்கள் தாளில் இருந்தால் அதைப் படியுங்கள். ஸ்கேனரே தொகையை டைப் அடிக்கும். நோட்பேடில் கன்ட்ரோலும் எண்ட் விசையும் சேர்த்து அழுத்தினால் கர்சர் கடைசிக்குப் போகும், கீழ்ப்பட்டையில் வரி எண் தெரியும். கடைசி எண்ணுக்குப் பின்னும் ஒரு என்ட்டர் விழுந்து கர்சர் காலி வரியில் நின்றால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் நான் இன்னொரு வெற்று நோட்பேடைத் திறந்து இரண்டாம் முறையும் இறக்கிவிடுவேன். பழைய கணினிகளில் ஸ்கேனர் அடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நடுவில் ஓர் இலக்கம் விழுங்கப்படுவது உண்டு. வரிகளின் தொகை சரியாக இருக்கும், ஒரு வரிக்குள் ஓர் இலக்கம் குறைந்திருக்கும். இரண்டு கோப்பையும் சேமித்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஃப்சி என்று அடித்து இரண்டு கோப்பின் பெயரையும் கொடுத்தால், வேறுபடும் வரிகளைக் காட்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டிஃப். வேறுபாடு வந்தால் ஸ்கேனரின் கையேட்டில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி கூட்டும் கட்டளை இருக்கும். அதைப் படித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

டிரைவாகத் தெரியும் கோப்பு வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. முன்பு மோட்டோரோலா பெயரில் வந்து பிறகு ஜீப்ரா பெயருக்கு மாறிய சிஎஸ்3000 வரிசை இதற்கு நல்ல உதாரணம். யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ்போலத் திறக்கும். உள்ளே ஒரு ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், பார்கோடின் வகை, எண் எல்லாம் கமா போட்டு இருக்கும். கோப்பை கணினிக்கு நகல் எடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். ஸ்கேனரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிட்டால், எந்த அலமாரியை எந்த நாள் பார்த்தோம் என்பதும் சேர்ந்தே கிடைக்கும்.

சீரியல் வகையோடு எனக்குப் பழைய பரிச்சயம் உண்டு. தொட்டிலில் உட்கார வைத்து அனுப்பும் டேட்டா கலெக்டர்களும், ஆப்டிகான் ஓபிஎன்-2001போலக் கைக்குள் மறையும் சின்னச் சாதனங்களும், தயாரித்த கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் வாய் திறக்கும். அந்த மென்பொருள் வந்த சிடி தொலைந்திருக்கும். கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடினால் பழைய மென்பொருள் பெரும்பாலும் கிடைத்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஹைப்பர்டெர்மினல் கூடவே வந்தது, விஸ்டாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் டெரா டெர்ம் அல்லது புட்டி வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும், திரையில் வருவதைக் கோப்பிலும் எழுது என்ற லாக் வசதியை முதலிலேயே இயக்கிவிடுங்கள். எண்களுக்குப் பதில் கிறுக்கலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். 9600 என்று இருப்பதை 115200 என்று மாற்றிப் பாருங்கள், அல்லது திருப்பி. டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நின்றால் பெரும்பாலும் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கேபிளின் டிரைவர்தான் தகராறு. புதிய டிரைவர் பழைய சிப்பை ஏற்காமல் போவது உண்டு. வேறு கேபிள் வாங்குவது அலைச்சலைக் குறைக்கும்.

பழைய டேட்டா கலெக்டர்களில் ஒன்றை மறக்கக்கூடாது. சிலவற்றின் நினைவகம் பேட்டரியின் தயவில் உயிரோடு இருப்பது. விண்டோஸ் மொபைல் 5 என்ற பதிப்பு 2005இல் வரும்வரை பாக்கெட் பிசி வகைக் கருவிகள் கோப்புகளைக்கூட அப்படித்தான் வைத்திருந்தன. சார்ஜ் முழுக்க இறங்கினால் உள்ளே இருந்ததும் போகும். அத்தகைய கருவியை வார இறுதியில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அன்றன்றைக்கு இறக்கிவிடுங்கள். இப்போதைய ஸ்கேனர்களில் ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது, அணைத்தாலும் அழியாது. ஆனாலும் அன்றன்றைக்கு இறக்குவதே நல்லது. ஒருநாள் இழப்பு ஒருநாள் உழைப்போடு நிற்கும்.

இனி, எனக்கு மிகப் பிடித்த பகுதி. இறக்கிய கோப்பை எல்லோரும் முதலில் என்ன செய்கிறார்கள்? ஏறுவரிசையில் அடுக்கி, இரட்டைப் பதிவுகளை நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே தேதி போட்டு ஒரு நகல், பென் டிரைவில் இன்னொரு நகல் என்று வைத்துவிட்டு, மூன்றாவது நகலில் உங்கள் வேலையைச் செய்யுங்கள். அந்தக் கோப்பில் எண்கள் மட்டும் இல்லை, வரிசையும் இருக்கிறது. எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எது நின்றது என்பதை அந்த வரிசைதான் சொல்லும். அடுக்கியவுடன் அது அழிந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அந்த வரிசையால் என்ன பயன் என்று கேட்டால், ஒன்று சொல்கிறேன். புத்தகத்தின் பின்னட்டையில் பதிப்பாளர் அச்சிட்ட ஐஎஸ்பிஎன் பார்கோடு இருக்கும், 978 என்று தொடங்கும் 13 இலக்கம். நூலகம் ஒட்டிய ஸ்டிக்கர் உள்ளே இருக்கும். அவசரத்தில் கை பின்னட்டைக்கே போகும். அதுதான் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. கோப்பில் அக்சஷன் எண்களுக்கு நடுவே ஒரு 978 வந்து நிற்கும். பொருளாதாரப் பாடப்புத்தகம் ஒன்றின் பத்துப் பிரதிக்கும் ஐஎஸ்பிஎன் ஒன்றுதான். எந்தப் பிரதி என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் கோப்பில் அதற்கு முந்தைய வரியையும் அடுத்த வரியையும் பாருங்கள். அந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில்தான் அது நிற்கிறது. நேராகப் போய் எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிடலாம். வரிசையை அழித்திருந்தால் அந்தத் துறை முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு பார்கோடு அச்சிட்டு அதன் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். எழுத்து முன்னால் வரும் ஒரு குறியீடாக, அக்சஷன் எண்ணோடு குழம்பாத மாதிரி இருக்கட்டும். ஒரு ரேக்கை ஆரம்பிக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் இது வாடிக்கையாகிவிட்டது. "அண்ணே, ரேக் ஸ்டிக்கரை அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டால், "அடிச்சிட்டுத்தான்மா ஏறினேன்" என்று மேலேயிருந்து பதில் வரும். கோப்பைத் திறந்தால் எது எந்த ரேக் என்று தானே பிரிந்து நிற்கும். தமிழ் இலக்கிய ரேக்குக்குள் ஒரு வேதியியல் எண் வந்திருந்தால், இடம் மாறிய புத்தகம் ஒன்று அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரட்டைப் பதிவு விஷயத்தில் நூலகமும் கடையும் எதிரெதிர். நூலகத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண். அடுத்தடுத்த வரிகளில் ஒரே எண் வந்தால் விசை இரண்டு முறை அழுத்தப்பட்டிருக்கிறது, விட்டுவிடலாம். ஒரே எண் இரண்டு வெவ்வேறு ரேக்கில் வந்தால் இரண்டு புத்தகத்துக்கு ஒரே ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது; அதை விடவே கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். கடையிலோ ஒரே சோப்பின் எண் நாற்பது முறை வந்தால் நாற்பது சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரட்டைப் பதிவை நீக்கினால் சரக்கே நீங்கிவிடும்.

நீளத்தையும் ஒருமுறை பாருங்கள். சில பார்கோடு வகைகளில், குறிப்பாக இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 என்ற வகையில், வெளிச்சக் கோடு சாய்ந்து விழுந்தால் பாதியை மட்டும் படித்து அதையே முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆறு இலக்கம் வரவேண்டிய இடத்தில் நான்கு இலக்கம் நின்றால் அதுதான் காரணம். இதற்கும் அந்த வரியின் முன்னும் பின்னும் பார்த்துப் போய்ச் சரிசெய்யலாம். அடுத்த ஆண்டுக்கு, இத்தனை இலக்கம்தான் ஏற்றுக்கொள் என்று ஸ்கேனரிலேயே கட்டளை கொடுத்துவிடலாம்.

சரிபார்த்த கோப்பை நூலக மென்பொருளிடம் கொடுப்பது கடைசிப் படி. நம் கல்லூரிகள் பலவற்றில் கோஹாதான் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோஹெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள் அது. அதில் இன்வென்டரி என்ற கருவி, வரிக்கு ஒரு பார்கோடு உள்ள டெக்ஸ்ட் கோப்பை ஏற்றுக்கொள்ளும். படிக்கப்பட்ட ஒவ்வொரு புத்தகத்துக்கும் கடைசியாகக் கண்ட தேதியைப் புதுப்பிக்கும். எந்த எண் வரம்பு, எந்தப் பிரிவு என்று சொல்லி ஒப்பிடச் சொன்னால், படிக்கப்படாதவற்றைப் பட்டியல் இடும். வெளியே போயிருப்பதாகக் கணக்கில் இருந்து, அலமாரியில் கிடைத்த புத்தகங்களையும் காட்டும். அவற்றைத் தானாகவே திரும்பப் பெற்றதாகப் பதியலாமா, வேண்டாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. முதல் முறை வேண்டாம் என்றே வையுங்கள். மாணவர் பெயரில் அபராதம் நிற்கும் புத்தகம் அலமாரியில் கிடைத்தால், அந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயம் செய்யவேண்டியிருக்கிறது. கவுன்ட்டரில் விட்டுப்போன பதிவு அது என்று கண்டு அபராதத்தை நீக்குவதை ஒரு மனிதர்தான் செய்யவேண்டும்.

காணவில்லை என்று வரும் பட்டியலைப் பார்த்து நூலகர்கள் கலங்க வேண்டாம். மத்திய அரசு நிறுவனங்களுக்கான பொது நிதி விதிகள் 2017இன் 215ஆம் விதி, 20,000 நூல் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. 20,000 முதல் 50,000 வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அதே விதி, ஓராண்டில் இரவல் கொடுத்த அல்லது வாசிக்கப்பட்ட 1000 நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு நேர்வதை, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமில்லை என்றால், இயல்பானது என்று ஏற்கிறது. 1000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகர் தானே அலமாரிக்குப் போய் எடுக்கும் திறந்த முறைக்காக வாதாடியவர். அலமாரி திறந்திருந்தால் கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும். பூட்டி வைத்து ஒன்றும் தொலையவில்லை என்று சொல்லும் நூலகத்தைவிட, திறந்து வைத்துச் சரியாகக் கணக்குக் காட்டும் நூலகத்தின் பக்கம்தான் நான்.

பட்டியல் வந்தபின் ஒருமுறை அதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். ஸ்டிக்கர் கிழிந்தது, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே சொருகிக் கிடந்தது, பைண்டிங்குக்குப் போனது என்று பட்டியலில் நல்ல பங்கு கரைந்துவிடும். கிடைத்தவற்றை மட்டும் மறுபடி படித்து, அதை இரண்டாவது கோப்பாக ஏற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்து, பிரின்சிபால் கையெழுத்துக்கு அறிக்கை போனபின், டிராயரில் இருக்கும் கவரைத் திறந்து அழிக்கும் பார்கோடைப் படிக்கலாம். எத்தனை இருக்கிறது என்று கேட்டுப் பூஜ்யம் வருகிறதா பாருங்கள். பிறகு மறக்காமல் ஸ்கேனரை உடனே அனுப்பும் நிலைக்கு மாற்றி, கோஹாவின் இஷ்யூ திரையில் ஒரு புத்தகத்தைப் படித்துச் சோதித்துவிடுங்கள். ஜூனில் கல்லூரி திறக்கும் அன்று கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது, பீப் சத்தம் மட்டும் வந்து திரையில் ஒன்றும் விழவில்லை என்றால், ஸ்கேனர் இன்னும் சேமிப்பு நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.